லாட்விய–போலந்து உறவின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குவது எப்படி

இந்த வரலாற்றுக்குள் நுழைய விரும்புகிறவர் மன்னர்களின் வரிசையை விட்டுவிட்டு, தென்கிழக்கு லாட்வியாவில் தௌகவா ஆற்றங்கரையிலுள்ள தௌகவ்பில்ஸ் நகரத்திலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் அந்நகரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஜெர்மானியர் அதை தூனபுர்க் என்றனர். போலந்துக்காரர் டினெபுர்க் என்றனர். ரஷ்யப் பேரரசு அதற்கு த்வின்ஸ்க் என்று பெயரிட்டது. இவை யாவும் ஒரே ஊர் என்று அறியாதவர் பழைய ஆவணங்களில் வழி தவறிவிடுவார். போலந்து நூல்களில் வரும் ‘இன்ஃப்லான்டி’ என்பது லிவோனியா, அதாவது ஏறத்தாழ இன்றைய லாட்வியாவும் எஸ்டோனியாவும் அடங்கிய பழைய நிலப்பகுதி. அதன் பெரும்பகுதியை ஸ்வீடன் கைப்பற்றிய பிறகு, அப்பெயர் ஏறத்தாழ லாட்வியாவின் கிழக்கிலுள்ள இன்றைய லாட்கலே பகுதியையே குறித்தது.

அடுத்து 1561ஆம் ஆண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில்தான் லிவோனிய வீரத்துறவியர் அமைப்பின் கடைசித் தலைவரான கோட்ஹார்ட் கெட்லர், போலந்து மன்னர் இரண்டாம் சிகிஸ்மண்ட் அகஸ்டுக்குப் பணிந்து, இன்றைய லாட்வியாவின் மேற்கிலுள்ள கூர்லாந்தின் கோமகனானார். கூர்லாந்து கோமகனின் கீழ் லூத்தரன் மதத்திலேயே நிலைத்தது; போலந்து–லித்துவேனிய அரசின் நேரடி ஆட்சியில் இருந்த லாட்கலேயில் கத்தோலிக்கம் வேரூன்றியது. லாட்கலே 1772 வரையிலும், கூர்லாந்து 1795 வரையிலும் போலந்து–லித்துவேனிய அரசோடு இணைந்திருந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அக்கால நிலப்பிரபுக்களில் பலர், பிளாட்டர் குடும்பத்தைப் போல, போலந்து மொழிக்கு மாறிய ஜெர்மானிய வம்சத்தவர். லாட்விய உழவர்களோ அவர்களிடம் பண்ணையடிமைகளாக இருந்தனர். ஆகவே, இரண்டு தேசங்களின் உறவு என்று இதைச் சொல்வது, இரண்டும் தனி நாடுகளாக எழுந்த 1918க்குப் பிந்தைய காலத்துக்கே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த உறவின் உச்சம் 1920 ஜனவரி. போலந்துத் தளபதி எட்வர்ட் ரிட்ஸ்-ஷ்மிக்வியின் தலைமையில் போலந்துப் படையும் லாட்வியப் படையும் சேர்ந்து சோவியத் ரஷ்யாவின் செஞ்சேனையிடமிருந்து தௌகவ்பில்ஸை மீட்டன. தௌகவா உறைந்து கிடந்ததால் வீரர்கள் பனிக்கட்டியின் மேலேயே ஆற்றைக் கடந்தனர். நகரம் லாட்வியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும், அதே ஆண்டில் லாட்வியா தொடங்கிய நிலச்சீர்திருத்தம் போலந்து நிலப்பிரபுக்களின் பண்ணைகளைத் தொட்டபோது மனக்கசப்பும் எழுந்தது. இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1991இல் தூதரக உறவு மீண்டும் மலர்ந்ததையும், 2004 மே 1இல் இரு நாடுகளும் ஒன்றாக ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததையும் பிறகு எளிதில் படித்துக்கொள்ளலாம். குறிப்பெடுக்கும்போது ‘ரீகா ஒப்பந்தம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; அப்பெயரில் இரண்டு அமைதி ஒப்பந்தங்கள் உண்டு: 1920 ஆகஸ்ட் 11இல் சோவியத் ரஷ்யாவுடன் கையெழுத்திட்டது லாட்வியா; 1921 மார்ச் 18இல் அதே ரீகாவில் கையெழுத்திட்டது போலந்து.