வலை நிறைந்தால் கழிமுகம் நலமா?

பழவேற்காடு, பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற இடங்களில் மீனையும் செடியையும் வைத்து நீர்நிலையின் நலத்தைக் கணிப்பவர்கள் முதலில் சறுக்குவது எடையில்தான். பத்துக் கிலோ மீன் விழுந்ததும் "நலம்" என்று எழுதிவிடுகிறார்கள். பத்துக் கிலோவும் ஜிலேபிக் கெண்டையாக இருந்தால்? 1952இல் இந்தியாவுக்கு வந்த இந்த மீன் ஆக்சிஜன் குறைந்தாலும் உவர்ப்பு ஏறினாலும் பிழைத்துக்கொள்ளும். தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிப்பதால், அடிச்சேறு கெட்ட இடத்திலும் குஞ்சுகள் தப்பிவிடும். மற்ற மீன்கள் ஒதுங்கிய பிறகும் அது பெருகும்.

ஆகவே இனம் பிரித்து எண்ணுங்கள், ஒவ்வொன்றின் நீளத்தையும் குறியுங்கள். கடலில் முட்டையிடும் மடவை, கொடுவா ஆகியவற்றின் விரல்நீளக் குஞ்சுகள் கிடைத்தால், முகத்துவாரம் வழியே கடலோடு தொடர்பு இருந்திருக்கிறது என்று நம்பலாம். குஞ்சே இல்லையென்றால் உடனே முகத்துவாரத்தைக் குறை சொல்லாதீர்கள். முதலில் வலையைப் பாருங்கள்: பெரிய கண் வைத்த செவுள்வலையில் குஞ்சு எப்படி நிற்கும்? சிறுகண் இழுவலையையும் போடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே வலை, அதே ஓதம் (கடல்நீர் ஏறி இறங்கும் நிலை), அதே எண்ணிக்கை இழுப்பு. நவம்பர் மழையில் நன்னீராகும் இடம் மே மாதத்தில் கடலைவிட உவர்க்கலாம். அதனால் மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஆக்சிஜனை நண்பகலில் அளந்தால் பாசி வெளியிட்டது கூடுதலாகக் காட்டும். மீன் திணறுவது விடியலுக்கு முன், அப்போது அளவெடுங்கள்.

செடிகளில் பெரிய பிழை, ஓடை நீரின் உவர்ப்பை அளந்துவிட்டு வேரின் நிலையை எழுதுவது. பிச்சாவரத்தில் முன்பு மொத்தமாக வெட்டப்பட்ட அலையாத்திக் காட்டில் மண் அமிழ்ந்து பள்ளமானது. ஓத நீர் அதில் தேங்கி ஆவியாக உப்பு ஏறி, செடி முளைக்காமல் போனது. ஓதம் வந்து போக வாய்க்கால் வெட்டிய பிறகே அங்கே காடு திரும்பியது. எனவே 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, ஊறும் நீர் தெளிந்ததும் ஒரு சொட்டை, உவர்ப்பு அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் விடுங்கள். அதற்கு முன் வாலைவடிநீரில் கருவியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

வெண்கண்டல் இலையில் உப்புப் படிந்திருப்பதை நோய் என்று எண்ண வேண்டாம். அந்த மரம் உப்பை இலை வழியேதான் கழிக்கிறது. கவலைப்பட வேண்டியது நாற்று இல்லாத காட்டைப் பார்த்தால்தான். 10×10 மீட்டரில் மரங்களையும், அதற்குள் 1×1 மீட்டர் சதுரங்களில் நாற்றுகளையும் தனியே எண்ணுங்கள். சுற்றளவை 1.3 மீட்டர் உயரத்தில் எடுங்கள். சுரபுன்னைக்கு மட்டும், உச்சியில் உள்ள தாங்குவேருக்கு 30 செ.மீ. மேலே.

வெள்ளத்தில் அடித்து வந்த ஆகாயத்தாமரையை அந்த இடத்துச் செடியாகப் பதியாதீர்கள். உவர்ப்பு ஏறியதும் அது கருகிவிடும். ஆனால் கோடையிலும் சம்புக் கோரை பச்சையாக நின்றால், எங்கிருந்தோ நன்னீரோ சாக்கடையோ வந்து சேர்கிறது. கரையோரமாக நடந்து அந்த வாய்க்காலைக் கண்டுபிடியுங்கள்.