ஜிம்மில் ஏற்றிய பலம் மைதானத்தில் இறங்க: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலுக்கு ஒரு தொடக்கப் பயிற்சி

பளு தூக்கினால் உடம்பு இறுகிப்போகும், ஆட்டக்காரன் மெதுவாகிவிடுவான் என்று அமெரிக்கக் கோச்சுகள் பலர் பயந்த காலம் உண்டு. 1969இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கோச் பாப் டெவானி, பாய்ட் எப்லி என்ற இளைஞரைப் பளுப் பயிற்சிக்கென்றே வேலைக்கு எடுத்தார். யாராவது ஒருவன் மெதுவானாலும் வேலை போய்விடும் என்பது நிபந்தனை. யாரும் மெதுவாகவில்லை; 1970, 1971 இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம் அவர்களுக்கே. அந்த நிபந்தனையை நாமும் பிடித்துக்கொள்வோம்.

படி 1: ஸ்குவாட்

எடைத் தட்டு மாட்டாத வெறும் பாரைத் (இரும்புத் தண்டு) தோளுக்குப் பின்னால் தாங்கித் தொடங்குங்கள்; அதுவே 45 பவுண்ட். தொடை தரைக்கு இணையாக வரும்வரை இறங்கி எழ வேண்டும். ஐந்து முறை வீதம் மூன்று சுற்று, வாரத்துக்கு இரண்டு நாள். முதுகு வளையாத வரை ஒவ்வொரு தடவையும் 5 பவுண்ட் கூட்டலாம்.

விடுமுறை முடிந்து வந்தால் மட்டும் பழைய எடைக்கு உடனே போகாதீர்கள். 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள் விடுமுறை கழிந்து வந்த கையோடு நூறு ஸ்குவாட் போட்டார்கள். தசை சிதைந்து 13 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கடும் தசைவலியோடு சிறுநீர் கருத்துப் போனால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

படி 2: ஹேங் கிளீன்

என்னைக் கேட்டால், முன்வரிசையில் நின்று எதிராளியை மோதித் தள்ளும் லைன்மேனுக்கு இதைவிடப் பயனுள்ள தூக்கல் இல்லை. ஃபுட்பாலில் பந்து நகர்ந்து நிற்கும் ஒவ்வொரு முயற்சியும் (ப்ளே) நாலைந்து விநாடியில் முடிந்துவிடுகிறது. எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைவிட, அது எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறது என்பதே அங்கே கணக்கு.

பாரை முழங்காலுக்குச் சற்று மேலே பிடித்து நில்லுங்கள். முதுகு நேராக, இடுப்பு பின்னால். இப்போது தரையைக் காலால் தள்ளுங்கள். பார் தொடையை உரசியபடி ஏறும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே சமயத்தில் நிமிரும். அந்தக் கணம் வரை கைகள் வெறும் கயிறுதான். அப்புறம் முழங்கைகளை முன்னே வீசி, பாரைத் தோள் மேல் வாங்குங்கள். கையால் இழுத்தால் பார் உடம்பை விட்டு விலகிப் போகும். எடையைக் குறைத்து மறுபடி பழகுங்கள்.

மூன்று முறை வீதம் ஐந்து சுற்று. முதல் மாதம் கோச் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 3: பெஞ்ச் பிரஸ்

பெஞ்சில் மல்லாந்து படுத்து, பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது இது. தேவைதான், ஆனால் அளவோடு. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஆர்லாண்டோ பிரவுன் 2018இல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் தேர்வு முகாமில் 225 பவுண்டை 14 முறைதான் தூக்கினார். ஒரு லைன்மேனுக்கு அது ரொம்பக் குறைவு. ஆனாலும் அடுத்த ஆண்டே, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்வானார்.

படி 4: ஸ்லெட்

ஸ்லெட் என்பது மைதானத்தில் மோதித் தள்ளிப் பழகும் கனத்த சட்டம். ஜிம் பலம் ஆட்டப் பலமாக மாறுவது இங்கேதான். ஒரு கையை ஊன்றிக் குனிந்து, இடுப்பைத் தாழ்த்தி, இரு கைகளும் உட்பக்கமாகப் படும்படி ஸ்லெட்டை மோதுங்கள். கிளீனில் நிமிர்ந்த அதே இடுப்புதான் இங்கேயும் வேலை செய்யும். சின்னச் சின்ன அடி வைத்து ஐந்து யார்ட் தள்ளினால் போதும்.

படி 5: கடிகாரம்

மூன்று வாரத்துக்கு ஒருமுறை 10 யார்ட் ஓடி நேரத்தைக் குறித்துவையுங்கள். ஸ்குவாட் 20 பவுண்ட் ஏறியும் நேரம் கூடியிருந்தால், அடுத்த இரண்டு வாரம் ஸ்குவாட்டைப் பாதியாகக் குறைத்து, கிளீனையும் ஓட்டத்தையும் வழக்கம்போலச் செய்துவிட்டு மறுபடி ஓடிப் பாருங்கள்.