பூனையின் அரிப்பும் முடி உதிர்வும்: என் அனுபவம்

எங்கள் பூனைக்கு வால் தொடங்கும் இடத்திலும் பின்னந்தொடையிலும் முடி கொட்டி, ஓயாமல் நக்கிக்கொண்டே இருந்தது. மன்னார்குடிப் பக்கம் ஐப்பசி மழையில் எதுவும் காயாது. அந்த ஈரத்தால் வந்த படர்தாமரை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கால்நடை மருத்துவர் பேன் சீப்பால் வாரி, உதிர்ந்த கறுப்புத் துகள்களை ஈரப் பஞ்சில் வைத்தார். செம்பழுப்பாகக் கரைந்தது. தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம் அது! பூச்சியின் எச்சில்தான் ஒவ்வாமைக்குக் காரணம். சில கடிகளே போதுமாம். பூனை நக்கியே விழுங்கிவிடுவதால் பூச்சி நம் கண்ணில் படுவதும் அபூர்வம்.

பூனைக்கென்றே உள்ள, தெள்ளுப்பூச்சியைக் கொல்லும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தைப் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், மாதம் ஒருமுறை விட்டோம். பக்கத்து வீட்டு அக்கா நாய்க்கு வாங்கியதைக் கொண்டுவந்தார். வேண்டவே வேண்டாம், நாய் மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையின் உயிரையே வாங்கிவிடும்.

பெரிய வேலை வீட்டில்தான். முட்டையும் புழுவும் தரையிலும் படுக்கையிலும் கிடக்கும். பூனை தூங்கிய வைக்கோலை அப்புறப்படுத்தி, கோணியை வெந்நீரில் அலசினோம். கூட்டுப்புழு லேசில் சாகாது, மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். அதனால் அரிப்பு நின்ற பிறகும் மருந்தை நிறுத்தவில்லை. தை பிறந்தபோது முடி முளைத்திருந்தது. கொல்லையில் திரியும் மற்ற பூனைகளுக்கும் சேர்த்தே மருந்து விடுகிறோம். அவற்றைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.