பெயர் பதிவாகாத ஆபிஸ் கணினி: தோட்ட அலுவலகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடைப்பாலக் கணினியை ஐபி எண் போட்டுத் தேடினால் கிடைக்கிறது, பெயரைப் போட்டால் கிடைப்பதில்லை. கிராணி (அலுவலக எழுத்தர்) அனுப்பும் அறிக்கை பக்கத்து அறை பிரிண்டருக்குப் போய்ச் சேருவதில்லை. ஆனால் இணையம் நன்றாகவே ஓடுகிறது. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட அலுவலகம் ஒன்றில் இப்படி ஒரு புகார் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஎன்எஸ் பதிவைத்தான், அதாவது கணினிப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் பட்டியலைத்தான்.

டொமைனில் (நிறுவனத்தின் கணினிகளை ஒரே சர்வர் நிர்வகிக்கும் குழுவில்) சேர்ந்த விண்டோஸ் கணினி, தன் பெயரையும் ஐபி முகவரியையும் தானே டிஎன்எஸ் சர்வரில் பதிந்துகொள்ளும். கணினியைத் திறக்கும்போதும், முகவரி மாறும்போதும், வழக்கமாக 24 மணி நேரத்துக்கு ஒரு முறையும் இது நடக்கும். எனவே முதல் கேள்வி, இந்தக் கணினி யாரிடம் போய்ப் பதிவு கேட்கிறது என்பதுதான். அதைப் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பதே பெரிய தவறு.

கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் /ஆல் (ipconfig /all) என்ற கட்டளையைக் கொடுத்து, டிஎன்எஸ் சர்வர் வரிகளைப் படியுங்கள். அங்கே 8.8.8.8 இருந்தால் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. அது கூகுளின் பொது டிஎன்எஸ். உங்கள் நிறுவனத்தின் உள் டொமைன் அதற்குத் தெரியாது, பதிவையும் அது ஏற்காது. "இரண்டாவதாகத்தானே போட்டிருக்கிறோம், முதல் சர்வர் விழுந்தால் கைகொடுக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். முதல் சர்வர் ஒரு முறை பதில் தரத் தாமதித்தாலே விண்டோஸ் இரண்டாவதற்குத் தாவிவிடும், உடனே திரும்பியும் வராது. இரண்டாவது இடத்திலும் உள் டிஎன்எஸ் சர்வர்தான் இருக்க வேண்டும். வெளி இணையப் பெயர்களை அந்த உள் சர்வரே ஃபார்வர்டர் (கேள்வியை வெளி டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பும் அமைப்பு) வழியாகக் கேட்டுச் சொல்லும்.

நம் பக்கத்தில் தவறான டிஎன்எஸ் வந்து சேர இன்னொரு வழியும் உண்டு. மாலை மழையில் இடி இறங்கி ரவுட்டர் போய்விடும். புது ரவுட்டரை மாட்டுகிறார்கள், அதன் டிஎச்சிபி (கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) திறந்தே இருக்கிறது. சர்வரிலும் டிஎச்சிபி ஓடினால், சில கணினிகள் சர்வரிடமும் சில ரவுட்டரிடமும் முகவரி வாங்கும். ரவுட்டரிடம் வாங்கியவை ரவுட்டரையே டிஎன்எஸ்ஸாக வைத்துக்கொள்ளும். இணையம் வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. புது ரவுட்டர் வந்த அன்றே அதன் டிஎச்சிபியை மூடிவிடுங்கள்.

அடுத்தது கடிகாரம். பாதுகாப்பான பதிவுக்குக் கெர்பரோஸ் சரிபார்ப்பு (டொமைனில் கணினியின் அடையாளத்தை உறுதிசெய்யும் முறை) தேவை. கணினிக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கும் (டொமைனை நிர்வகிக்கும் சர்வருக்கும்) நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் இயல்பு அமைப்பில் அது மறுத்துவிடும். மின்சாரம் அடிக்கடி போகிற இடத்தில், மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினி ஒவ்வொரு முறையும் பழைய தேதியோடு எழும். இதைவிட ஏமாற்றுவது நேர மண்டலம். மண்டலம் தவறாக இருக்க, ஒருவர் மணியை மட்டும் கையால் திருத்தியிருப்பார். திரையில் மணி சரியாகத் தெரியும், உள்ளே இருக்கும் யுடிசி (உலகப் பொது) நேரமோ பல மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். முதலில் கோலாலம்பூர், சிங்கப்பூர் மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள் (யுடிசி +8), அப்புறம் மணியைத் திருத்துங்கள்.

ஃபிளஷ்டிஎன்எஸ் (ipconfig /flushdns) கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் பயனில்லை. அது இந்தக் கணினியின் நினைவில் உள்ள பழைய பதில்களை அழிக்கும், அவ்வளவுதான். பதிவுக்கு ஐபிகான்ஃபிக் /ரிஜிஸ்டர்டிஎன்எஸ் (ipconfig /registerdns) வேண்டும், அதையும் நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் தோல்வி என்று முடிவு கட்டாதீர்கள். பிழை இருந்தால் 15 நிமிடத்துக்குள் ஈவன்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில்) வரும். காரணம் அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும், எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள்.

பழைய கணினியைக் கழற்றி, புதியதற்கு அதே பெயரை வைத்தீர்களா? பழைய பதிவின் உரிமை பழைய கணினிக் கணக்கிடமே இருக்கலாம், அப்படியானால் புதியதால் அதைத் திருத்த முடியாது. சர்வரில் அந்தப் பழைய பதிவை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். இந்த இடத்தில்தான் சிலர் அவசரப்பட்டு, பாதுகாப்பற்ற பதிவையும் ஏற்கும்படி சோனை (சர்வரில் அந்த டொமைனின் டிஎன்எஸ் பதிவுகள் இருக்கும் பகுதியை) மாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரச்சினை உடனே மறையும், ஆனால் நெட்வொர்க்கில் இருக்கும் எந்தச் சாதனமும் சம்பள சர்வரின் பெயரைத் தன் முகவரிக்கு மாற்றிக்கொள்ள வழி திறந்துவிடும்.

கையால் பதிவு எழுதி வைப்பதும், ஹோஸ்ட்ஸ் கோப்பில் (அந்தந்தக் கணினியிலேயே இருக்கும் பெயர்-முகவரிப் பட்டியலில்) போடுவதும் அன்றைக்கு மட்டும் உதவும். டிஎச்சிபி வேறு முகவரி கொடுத்ததும் பழையபடி ஆகிவிடும், அதற்குள் அதை எழுதியவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போயிருப்பார்.

டவுன் கடையில் வாங்கிய கணினியில் விண்டோஸ் ஹோம் இருந்தால், அது டொமைனிலேயே சேராது. டிஎன்எஸ்ஸைக் குடைவதற்கு முன் இதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மடிக்கணினியில் வயரும் வைஃபையும் ஒன்றாக ஓடினால் ஒரே பெயருக்கு இரண்டு முகவரிகள் பதிவாகும். வேண்டாத இணைப்பின் ஐபிவி4 மேம்பட்ட அமைப்பில், டிஎன்எஸ் பகுதியில் உள்ள பதிவுக் குறியை எடுத்துவிடுங்கள்.