கிறிஸ்தவப் பாடசாலையின் ஆசிரியர்களை அறிந்துகொள்வது எப்படி: தரம் 6 இல் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு

ஆரம்பப் பிரிவில் பிள்ளைக்கு ஒரு வகுப்பாசிரியை இருப்பார். அநேகமான பாடங்களை அவரே கற்பிப்பதால், பாடசாலை விடும் நேரத்தில் அவரோடு இரண்டு வார்த்தை பேசினாலே பிள்ளையின் நிலை விளங்கிவிடும். தரம் 6 இல் நிலைமை மாறிவிடுகிறது. கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர், வரலாற்றுக்கு ஒருவர், சித்திரத்துக்கோ சங்கீதத்துக்கோ இன்னொருவர் என்று பத்துப் பேருக்கு மேல் வந்து போவார்கள். என் மகள் ஆரையம்பதியில் ஆரம்பக் கல்வியை முடித்து மட்டக்களப்பு நகரில் உள்ள ஒரு கிறிஸ்தவப் பாடசாலையில் சேர்ந்தபோது, சைவக் குடும்பத்தவர்களான எங்களுக்கு அங்கே யாரை எப்படி அணுகுவது என்றே தெரியவில்லை. ஒரு தவணை முழுவதையும் வீணாக்கிய பின்னரே நான் கற்றுக்கொண்டவற்றை, இவ்வருடம் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்களுக்காக இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலாம் படி: பாடசாலையின் தன்மையை விளங்கிக்கொள்ளுங்கள்

"கிறிஸ்தவப் பாடசாலை" என்று நாம் சொல்லும்போது அங்குள்ள எல்லோரும் கிறிஸ்தவர்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படியல்ல. 1814 இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் (மெதடிஸ்த) மிஷனரிகளில் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் கல்விப் பணியைத் தொடங்கி, அடுத்த ஆண்டே இங்கு காலமானார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரோடுதான் இணைத்துச் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் பக்கத்தில் புனித மிக்கேல் கல்லூரி 1873 இல் தோன்றியது. ஆனால் 1960, 1961 ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களின் வழியாக நாட்டின் உதவி பெறும் பாடசாலைகளில், அதாவது அரசின் நிதியுதவியோடு திருச்சபைகள் போன்றவை நடத்திய பாடசாலைகளில், பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றுக்கொண்டது. ஆகவே நம் மாவட்டத்தில் இன்று இப்பெயரால் அழைக்கப்படும் பாடசாலைகளில் அநேகமானவை, மரபால் கிறிஸ்தவமாகவும் நிர்வாகத்தால் அரசாங்கப் பாடசாலைகளாகவும் இருக்கின்றன.

ஆசிரியர்களைப் பொறுத்தவரை இதன் பொருள் மிகத் தெளிவானது. அவர்கள் நியமனத்தின் மூலமும் இடமாற்றத்தின் மூலமும் வருகிறார்கள். சைவர், கத்தோலிக்கர், மெதடிஸ்தர், இஸ்லாமியர் என எவரும் இருக்கலாம். சமய பாடத்தில் கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் தனித்தனிப் பாடங்கள் என்பதையும், சைவப் பிள்ளைகள் சைவநெறியைக் கற்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டால் வீணான பயம் நீங்கும். என் மகளுக்குச் சைவநெறி கற்பித்த ஆசிரியையே காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை வரிசைப்படுத்தி, பிரார்த்தனை முடியும் வரை அமைதியாகத் தலைகுனிந்து நின்றதைக் கண்டபோதுதான் அந்தப் பாடசாலை எனக்கு விளங்கத் தொடங்கியது.

இரண்டாம் படி: ஒரு கொப்பியை ஒதுக்கி வையுங்கள்

80 பக்கக் கொப்பி ஒன்று போதும். பிள்ளை கொண்டுவரும் நேரசூசியை முதற்பக்கத்தில் பார்த்து எழுதுங்கள். அதன் பின்னர் ஆசிரியர் ஒருவருக்கு ஒரு பக்கம் வீதம் ஒதுக்கி, பெயரையும் பாடத்தையும் பிள்ளையிடம் கேட்டு நிரப்புங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் "கணக்கு சேர்", "சயன்ஸ் மிஸ்" என்று மட்டுமே சொல்வார்கள். முழுப் பெயரைக் கேட்டுவரச் சொல்வது அவசியம், ஏனெனில் ஒரே பாடத்துக்கு இரண்டு மூன்று ஆசிரியர்கள் உள்ள பெரிய பாடசாலையில் "கணக்கு சேரைப் பார்க்க வேண்டும்" என்று அலுவலகத்தில் சொன்னால் யாருக்கும் விளங்காது.

என் கொப்பியின் ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "கணிதம். செவ்வாய் இரண்டாம் பாடவேளை, வியாழன் ஐந்தாம் பாடவேளை. களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறார், 1.30 க்குப் பிறகு நிற்க முடியாது. வீட்டுவேலையில் வழிமுறை எழுதாவிட்டால் விடை சரியானாலும் திருப்பிக் கொடுப்பார்." இந்த நான்கு வரிகள், அவரை எப்போது சந்திக்கலாம் என்பதையும் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் எனக்குச் சொல்லிவிட்டன.

மூன்றாம் படி: வகுப்பாசிரியரிடமிருந்து தொடங்குங்கள்

முதல் அறிமுகம் வகுப்பாசிரியரோடுதான் இருக்க வேண்டும். தவணை தொடங்கி முதல் இரண்டு வாரங்கள் இடாப்பு, புத்தக விநியோகம், சீருடைத் துணி என்று அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மூன்றாவது வாரம் பிள்ளையின் மூலம் சிறு கடிதம் அனுப்பி நேரம் கேளுங்கள். போகும் நாளில் வாசலில் காவலாளியிடம் உள்ள பதிவேட்டில் பெயரை எழுதி, அலுவலகத்தில் அறிவித்துவிட்டுச் செல்லுங்கள். பாடம் நடக்கும் வகுப்பறையின் வாசலில் போய் நிற்கவே கூடாது.

எப்படி அழைப்பது என்று தயங்குபவர்கள் பலர். ஆண் ஆசிரியர்களைச் "சேர்" என்றும் பெண் ஆசிரியர்களை "டீச்சர்" அல்லது "மிஸ்" என்றும் அழைப்பதே இங்கு வழக்கம். கன்னியர் ஒருவர் கற்பித்தால் "சிஸ்டர்" என்று அழைத்து, கடிதத்தில் "அருட்சகோதரி அவர்களுக்கு" என்று எழுதுங்கள். குருவானவரை நேரில் "ஃபாதர்" என்றும் எழுத்தில் "அருட்தந்தை" என்றும் குறிப்பிடலாம். அடுத்ததாகப் பகுதித் தலைவர், அதாவது பிள்ளை படிக்கும் பிரிவுக்குப் பொறுப்பானவர், யார் என்று கேட்டு வையுங்கள். வகுப்பாசிரியரால் தீர்க்க முடியாதது முதலில் அவரிடமே போகும். அதிபரிடம் நேரே போவது கடைசி வழி.

நான்காம் படி: பாட ஆசிரியர்களிடம் குறை சொல்வதற்கு முன்னர் அறிமுகமாகுங்கள்

நான் தவறிய இடம் இதுதான். முதற் பெற்றோர் கூட்டத்துக்கு நான் போகவில்லை. முதலாம் தவணைத் தேர்ச்சி அறிக்கையில் கணிதத்துக்கு 38 புள்ளிகளைக் கண்டதும் கோபத்தோடு போய், அதுவரை முகமே பார்த்திராத ஆசிரியரிடம், "வகுப்பில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசாமல் மேசை லாச்சியைத் திறந்து, என் மகளின் பெயர் எழுதிய சில தாள்களை எடுத்து வைத்தார். பின்னங்கள் விளங்காத ஐந்து பிள்ளைகளை இடைவேளையில் பத்து நிமிடம் இருத்தி, அவர் தனியாகச் செய்வித்த பயிற்சிகள் அவை. என் மகள் வீட்டில் அதைச் சொல்லவே இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் முதலிலேயே ஒரு வணக்கம் சொல்லி அறிமுகமாகியிருந்தால் அந்தக் கேள்வியே என் வாயில் வந்திருக்காது.

எனவே முதற் சந்திப்பில் புள்ளிகளைப் பற்றிப் பேசாதீர்கள். உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லி, பிள்ளை வகுப்பில் எங்கே இருக்கிறது, கேள்வி கேட்கிறதா, யாரோடு சேர்ந்து படிக்கிறது என்று கேளுங்கள். பிள்ளையைப் பற்றி ஆசிரியருக்குத் தெரிய வேண்டியதை நீங்களும் சொல்லுங்கள்: கரும்பலகை சரியாகத் தெரியாமலிருப்பது, தந்தை வெளிநாட்டில் வேலை செய்வது, மாரி காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் வருவது போன்றவை. ஐந்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தொலைபேசி இலக்கத்தை ஆசிரியர் தாமாகத் தந்தால் மட்டும் வாங்குங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆசிரியரைப் பற்றிய முறைப்பாட்டை எழுதுவது, அவரை அறிந்துகொள்ளும் வாய்ப்பை நீங்களே அடைத்துவிடுவதாகும்.

ஐந்தாம் படி: விழா நாட்களில் உதவிக்குப் போங்கள்

ஆசிரியர்களை மனிதர்களாகக் காண்பதற்கு இதைவிட நல்ல வழியை நான் அறியேன். இல்லங்களாகப் பிரிந்து மாணவர்கள் போட்டியிடும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்தைய நாள் பிற்பகல், பிள்ளையின் இல்லத்துக்குரிய இடத்தை அலங்கரிக்கும்போது, குருத்தோலை பின்னத் தெரிந்த பெற்றோர் ஒருவர் வந்தால் பொறுப்பாசிரியருக்குப் பெரும் உதவி. பல பாடசாலைகளில் சரஸ்வதிக்கான வாணி விழாவும் நடக்கிறது, மார்கழியில் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் ஒளி விழாவும் நடக்கிறது. என் மகளின் வகுப்பு ஒளி விழாவுக்குப் பாலன் பிறப்பு நாடகம் போட்டபோது, இடையர்களுக்குத் தலைப்பாகை கட்டுவதற்கு எங்கள் வீட்டிலிருந்து பழைய சால்வைகளைக் கொண்டுபோனேன். மேடைக்குப் பின்னால், வாயில் ஊசிகளைக் கவ்வியபடி உடுப்புச் சரிசெய்துகொண்டிருந்த ஆங்கில ஆசிரியை, என் மகள் வகுப்பில் வாய் திறக்கப் பயந்தாலும் ஒத்திகையில் மற்றவர்களின் வசனங்களையும் மனப்பாடமாகச் சொன்னதாக அப்போதுதான் சொன்னார். எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் அந்தச் செய்தி எனக்குக் கிடைத்திருக்காது.

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு விலை உயர்ந்த பரிசு வேண்டாம். அது கொடுக்க முடியாத பிள்ளையையும் வாங்கும் ஆசிரியரையும் சங்கடப்படுத்தும். பிள்ளை தன் கையால் எழுதிய கடிதம் போதும்.

ஆறாம் படி: ஒவ்வோர் ஆண்டும் கொப்பியைப் புதுப்பியுங்கள்

இடமாற்றம் வந்தால் பழகிய ஆசிரியர் போய்விடுவார். அவர் போவதற்கு முன்னர் ஒருநாள் சென்று நன்றி சொல்லுங்கள். பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். அவருடைய பக்கத்தைக் கிழிக்காமல், அடுத்த வெற்றுப் பக்கத்தில் புதியவரின் பெயரை எழுதி, மூன்றாவது வாரத்தில் சந்திப்பதற்குக் கடிதம் அனுப்புங்கள்.