மறைப்பதால் மட்டும் சஸ்பென்ஸ் பிறக்காது: குற்ற த்ரில்லர் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குற்ற த்ரில்லர் எழுத உட்காருபவர்களில் பெரும்பாலோர், கொலையாளி யார் என்பதைக் கடைசி வரை எப்படி மறைப்பது என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரு தகவலைப் பார்வையாளரிடமிருந்து மறைத்தால் கிடைப்பது புதிர். அது உடையும்போது கிடைப்பது அதிர்ச்சி. என்ன நேரப்போகிறது என்று தெரிந்தும், அது எப்போது நேரும், தப்ப வழி உண்டா என்று தெரியாமல் பார்வையாளர் தவிப்பதே சஸ்பென்ஸ். சஸ்பென்ஸ் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் 1962-இல் நடத்திய நீண்ட உரையாடலில், மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டை வைத்து இதை விளக்கினார். குண்டு இருப்பதைச் சொல்லாமல் வெடிக்க வைத்தால் 15 நொடி அதிர்ச்சி. முன்பே காட்டிவிட்டால், மேசையைச் சுற்றி நடக்கும் வெறும் அரட்டைகூட 15 நிமிடத் தவிப்பாகிவிடும்.

இதை ஒரு காட்சியில் வைத்துப் பார்க்கலாம். இரத்தக்கறை படிந்த சட்டையை ஒருவன் வாஷிங் மெஷினில் போட்டு ஓடவிடுகிறான். கதவு தட்டப்படுகிறது. விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து அமர்கிறார், குடிக்கத் தண்ணீர் கேட்கிறார், அவசரமே இல்லாமல் பேசுகிறார். அவர் போன பிறகுதான் சட்டையை நமக்குக் காட்டுவதென்றால், அதுவரை நடந்த பேச்சு முழுவதும் வழக்கமான விசாரணையாகவே கழிந்திருக்கும். சட்டை உள்ளே போனதை முதலிலேயே காட்டிவிட்டாலோ, வசனத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அந்தக் காட்சியின் தன்மையே மாறிவிடுகிறது: அடுத்த அறையிலிருந்து வரும் இரைச்சல் ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது, துவைத்து முடித்ததும் மெஷின் ஒலியெழுப்பும் என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று நமக்கு உறைக்கிறது, இன்ஸ்பெக்டர் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்கும்போது நமக்கே தொண்டை வறள்கிறது.

இந்தக் காட்சியையும் கெடுத்துவிட முடியும். மெஷின் எந்த அறையில் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அந்தக் கதவு தெரியுமா, எழுந்தால் எத்தனை எட்டு என்பதை முன்கூட்டியே தெளிவாகக் காட்டாமல் முகங்களின் க்ளோஸப்புகளை மட்டும் அடுக்கினால், பார்வையாளருக்குப் பதற்றத்திற்குப் பதில் குழப்பமே மிஞ்சும். வேகமான எடிட்டிங்கைப் பரபரப்பென்று நினைப்பவர்கள் இதில் வழுக்கி விழுகிறார்கள். ஆபத்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்ற கணக்கு பார்வையாளர் மனதில் ஓட வேண்டும். இடமும் நேரமும் புரியாவிட்டால் அந்தக் கணக்கு ஓடாது.

கட்டியெழுப்பிய பதற்றத்தை எப்படித் தீர்ப்பது என்பதில்தான் தேர்ந்தவர்களும் தடுமாறுகிறார்கள். சரியான நொடியில் செல்போன் ஒலித்து இன்ஸ்பெக்டர் எழுந்து போய்விடுவது மிகச் சோம்பலான தீர்வு. அதை ஒருமுறை செய்துவிட்டால், அடுத்த ஆபத்திலும் யாராவது வந்து காப்பாற்றிவிடுவார்கள் என்று பார்வையாளர் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். மறுகோடியிலும் சிக்கல் உண்டு. ஹிட்ச்காக்கின் 'சபோட்டாஜ்' (1936) படத்தில், தன் கையில் இருப்பது குண்டு என்று அறியாத ஒரு சிறுவன் அதைச் சுமந்துகொண்டு வழியெல்லாம் தாமதிக்கிறான். கடைசியில் பேருந்தில் குண்டு வெடித்து அவன் இறந்துபோகிறான். அவ்வளவு நேரம் பரிதவிக்க வைத்துவிட்டு அவனைக் கொன்றது தவறு, பார்வையாளர்கள் அதை விரும்பவில்லை என்று ஹிட்ச்காக் பின்னாளில் கூறினார். அந்தத் தீர்ப்பு சற்றுக் கடுமையானது என்பதே என் எண்ணம். படத்தின் பிற்பகுதி முழுவதும் அந்த மரணத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனாலும் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: ஆபத்து நிறைவேறினால் கதை அதற்கான விலையைச் சுமக்க வேண்டும், அடுத்த காட்சியிலேயே எல்லோரும் அதை மறந்துவிடக் கூடாது.

மறைப்பதே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. மறைப்பதில் நேர்மை வேண்டும். 1950-இல் வந்த 'ஸ்டேஜ் ஃப்ரைட்' படம் ஒரு கதாபாத்திரம் சொன்ன பொய்யை ஃப்ளாஷ்பேக்காகக் காட்டியது. திரையில் கண்ணால் பார்த்ததே பொய்யென்று ஆனபோது பலர் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள். மாறாக, மலையாளத்தில் வந்த 'த்ரிஷ்யம்' (2013), கொலை எப்படி நடந்தது என்பதை ஒளிக்காமல் காட்டிவிட்டு, இந்தக் குடும்பம் பிடிபடுமா என்ற ஒரே கேள்வியில் படத்தை நடத்திச் செல்கிறது. ஒரு தகவலை மட்டும் முடிவுக்கென்று வைத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் படத்தின் பதற்றம் அதை நம்பி நிற்கவில்லை என்பதால்தான், முடிவை அறிந்தவர்களாலும் அதை மறுபடி பார்க்க முடிகிறது.

நாயகன் நல்லவனாக இருந்தால்தான் பார்வையாளர் பதறுவார் என்ற நம்பிக்கையும் தவறானதே. 'சைக்கோ' (1960) படத்தில், கொலையுண்டவளின் உடலை வைத்த காரை, அவள் தங்கிய விடுதியை நடத்தும் நார்மன் சதுப்பு நிலத்தில் தள்ளுகிறான். பாதி மூழ்கிய கார் ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறது. அதுவரை அந்தப் பெண்ணையே பின்தொடர்ந்து வந்த நாம், அந்தக் கணத்தில் கார் முழுதாக மூழ்கிவிட வேண்டுமே என்று தவிக்கிறோம். ஒருவன் ஒரு வேலையை முடிக்கப் பாடுபடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தாலே மனம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பின்னணி இசை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காட்சியில் இல்லாத பயத்தை வயலின்கள் கொண்டுவந்துவிடாது. நடைபாதையில் கேட்கும் காலடி ஓசை போதுமான இடத்தில் இசை அதை மூடித்தான் விடும். திடுக்கிட வைப்பதற்காக இருட்டிலிருந்து பூனையைப் பாயவிடுவதும் காட்சியில் இல்லாத பயத்தைக் கொண்டுவந்துவிடாது.

இவற்றையெல்லாம் விட அதிகமாகக் காணப்படுவது, குற்றவாளியைப் பெரிய அறிவாளியாகக் காட்டுவதற்காகப் போலீசாரை முட்டாள்களாக்குவது. மெஷினின் இரைச்சல் காதில் விழாத இன்ஸ்பெக்டரைக் கண்டு யாரும் அஞ்ச மாட்டார்கள். அவருக்கு அது கேட்க வேண்டும், பேச்சின் நடுவே அவர் பார்வை ஒருமுறை அந்தப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும், அதைப் பற்றி அவர் எதுவும் கேட்காமல் இருக்க வேண்டும்.