நூறு பேருக்கு இரண்டு பவர் டில்லர்

எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் மடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் மழையை நம்பிப் புழுதி விதைப்பு, அதாவது தண்ணீர் கட்டாமல் உழுத நிலத்தில் நேரடியாக நெல் விதைப்பது. ஒரு மழை பெய்தால் உழவுக்குப் பதம் நாலு நாள் நிற்கும். அந்த நாலு நாளில்தான் எல்லோருக்கும் பவர் டில்லர், அதாவது கையால் பிடித்து ஓட்டும் சிறு உழவு இயந்திரம் வேண்டும்.

அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம் 2017-18-இல் வந்தது. சிறு, குறு விவசாயிகள் 20 பேர் சேர்ந்தால் உழவர் ஆர்வலர் குழு. அப்படி 5 குழுக்கள் சேர்ந்து 100 பேரானால் உழவர் உற்பத்தியாளர் குழு. கருவி வாங்கத் தொகுப்பு நிதி 5 லட்சம் ரூபாய் இந்தப் பெரிய குழுவுக்குத்தான் கொடுத்தார்கள். அதில்தான் எங்கள் நூறு பேருக்கு இரண்டு டில்லர் வாங்கினோம்.

இருபது பேரை எப்படிப் பிடிப்பது? வரப்பு ஒட்டியவர்களாகப் பாருங்கள். பங்காளிகளாகவே சேர்த்தால் பழைய பாகப்பிரிவினைச் சண்டையும் கூட வந்து உட்காரும். பட்டா வீட்டுக்காரர் பேரில் இருந்தாலும், வயலில் நிற்கிற பெண்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். எந்த மூலையில் ஈரம் நிற்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கருவி வாங்கும் முன்பே முறையை எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதவில்லை, செயலாளராக இருந்த என் தப்பு. முதல் வருஷம் தலைவரின் மைத்துனர் வயலில் டில்லர் இரண்டு நாள் நின்றது. அதற்குள் என் நிலம் காய்ந்து, அடுத்த மழைவரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம். ஒரு முறைக்கு ஒரு ஏக்கர், மிச்சம் அடுத்த சுற்றில். மறு வருஷம் அதே பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிப்போம்.

அப்புறமும் கணக்கு இடிக்கும். ஒரு டில்லர் நாளைக்கு ஒன்றரை ஏக்கர் ஓட்டினாலே பெரிது. நாலு நாளில் இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு ஏக்கர். அதனால் டிராக்டர் திரும்ப முடியாத சின்ன வயல்களுக்கு மட்டும் டில்லர் என்று வைத்துக்கொண்டோம். மற்றவர்களுக்கு வெளி டிராக்டர், ஆனால் குழுவாகப் பேசுவோம். நாற்பது ஏக்கர் மொத்தமாக இருக்கிறது என்றால் டிராக்டர்காரர் வாடகையில் இறங்கி வருவார். குழுவால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் டில்லர் இல்லை, இந்தப் பேரம்தான்.

வாடகை கையோடு வாங்குங்கள். தலைவருக்கும் கடன் கிடையாது. டீசலும் ஓட்டுநர் கூலியும் போக மிச்சத்தை ரிப்பேருக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். ஆளாளுக்கு ஓட்டினால் கிளட்ச் போய்விடும், ஒருவரையே வையுங்கள்.

யார் வயல், எத்தனை மணி, எவ்வளவு டீசல் என்று வண்டி கொட்டகையிலேயே ஒரு நீள நோட்டில் எழுதவேண்டும். பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். எங்களுக்கு முதல் மாதமே நாலு பேனா காணாமல் போனது.